பூ மருந்துக் கேன்

என் தங்கைக்கு நான் எத்தனையோ பொருள் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அவற்றில் உருப்படியானது என்று நான் நினைத்தது ஒரு பிளாஸ்டிக் கேன். அது அவளை என்ன செய்தது என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

பழவேற்காடு ஏரியில் கையால் இறால் பிடிக்கிற குடும்பம் எங்களுடையது. வலையும் கிடையாது, படகும் கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் குந்தியபடியே நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவ வேண்டும். இறால் தட்டுப்பட்டதும் அப்படியே அமுக்கிப் பிடிக்க வேண்டும். இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் பறியை வாயால்தான் பிடிக்க முடியும். பறி என்பது பனையோலையில் முடைந்த கூடை. அதன் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டால் கூடை முகவாய்க்குக் கீழே மிதந்துகொண்டே கூட வரும். நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம் வாயைத் திறக்கவே முடியாது. பொம்பளைங்க சண்டை போடாத ஒரே இடம் ஏரிதான் என்று நைனா கிண்டல் செய்வார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

நான் அந்த வேலைக்குப் போகவில்லை. பொன்னேரியில் வேதியியல் படித்துவிட்டு, மீஞ்சூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தண்ணீர் சோதிக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். அனுப்பம்பட்டில் வாடகை வீடு, தினமும் ரயில், ஞாயிற்றுக்கிழமையானால் ஊர். கழிவுநீரில் எவ்வளவு கரிமப் பொருள் கலந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. ஆரஞ்சு நிறக் கரைசல் ஒன்றோடு சேர்த்து இரண்டு மணி நேரம் சூடாக்குவோம். தண்ணீர் சுத்தமாக இருந்தால் ஆரஞ்சு அப்படியே நிற்கும். அழுக்காக இருந்தால் பச்சையாகிவிடும். கரிமப் பொருள் என்றதும் ஏதோ விபரீதம் என்று நினைத்துவிட வேண்டாம். கார்பனை வைத்துக் கட்டிய பொருள் முக்கால்வாசியும் அந்தக் கணக்கில்தான் வரும். சர்க்கரை, எண்ணெய், அழுகின இலை, டீசல், காய்ச்சல் மாத்திரை, நம் உடம்பு. ஊரில் யாராவது வாயைத் திறந்து கேட்டால் போதும், இப்படி அடுக்கிச் சொல்லிப் பெருமையடித்துக்கொள்வேன். அந்தப் பெருமைதான் என் கண்ணை மறைத்தது.

அந்த மார்கழியில் தங்கையின் பறி அடிப்பக்கம் பிய்ந்துபோயிற்று. உப்புத் தண்ணீரில் ஓலை எத்தனை நாள் தாங்கும்? மற்ற பெண்கள் சிலர் பிளாஸ்டிக் கேனின் தலையை அறுத்துப் பறியாக வைத்திருந்தார்கள். நானும் மீஞ்சூரில் ஒரு பழைய சாமான் கடைக்குப் போனேன். கேன்கள் மலைபோல் குவிந்து கிடந்தன. சிவப்பு முக்கோணம் போட்ட பூச்சிமருந்துக் கேன்களை நான் தொடவே இல்லை. நான்தான் விவரமானவளாயிற்றே. பாதி லேபிள் கிழிந்த வெள்ளைக் கேன் ஒன்று கண்ணில் பட்டது. மிச்சமிருந்த பாதியில் கத்தரிப்பூ படம்.

"இது இன்னா கேன்?" என்று கேட்டேன்.

"பூச்சி மருந்து இல்லம்மா. செடி பூ வைக்கிறதுக்கு அடிப்பாங்களே, அந்த டானிக்கு" என்றார் கடைக்காரர்.

டானிக் என்ற ஒரு சொல்லில் நான் விழுந்துவிட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்து சோப்புத்தூளும் வெந்நீரும் போட்டு மூன்று முறை கழுவினேன். மிச்ச லேபிளையும் கத்தியால் சுரண்டி எடுத்தேன். மேல்பக்கத்தில் இறால் போட வாய் அறுத்தேன். கைப்பிடியில் சூடான கம்பியால் ஓட்டை போட்டு, பல்லுக்கு இதமாக இருக்கட்டும் என்று நைலானை விட்டுவிட்டுப் பருத்திக் கயிறாகப் பார்த்து உள்ளே நுழைத்து முடிச்சுப் போட்டேன். அந்த வாரம் எனக்குக் கடுமையான ஜலதோஷம். எந்த வாசனையும் மூக்கில் ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்ததும் தங்கை அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தெருவெல்லாம் காட்டிவிட்டு வந்தாள்.

அடுத்த ஞாயிறு நான் முதல் பஸ்ஸில் போய் இறங்கியபோது அவள் ஏரியில் இருந்தாள். அவள் புருஷன் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒப்பந்த வேலை, அன்றைக்கு அவனுக்கு ஷிப்ட். வீட்டில் நைனா மட்டும் இருந்தார். ஒரு வாரமாக அவளுக்குத் தலைவலி என்றும், ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை என்றும் சொன்னார். வாடைக்காற்றில் நனைந்தால் தலை வலிக்காமல் என்ன செய்யும் என்றேன்.

அன்றைக்கு இறால் கரையோரமாக வந்து குவிந்திருந்தது. ஊரே சந்தோஷமாக இருந்தது. எனக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. மழைவெள்ளம் அடித்துக்கொண்டு வந்த குப்பையும் செத்தையும் ஏரியின் அடியில் அழுகும்போது, தண்ணீரில் இருக்கிற பிராணவாயுவை அந்த அழுகலே தின்று தீர்த்துவிடும். மூச்சு முட்டின இறால் ஓரத்துக்கு வரும். கைக்குச் சுலபமாகச் சிக்கும். நிறையக் கிடைக்கிற நாள் ஏரிக்கு உடம்பு சரியில்லாத நாளாகவும் இருக்கலாம். இதையெல்லாம் நைனாவிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். சுலபமாகக் கிடைக்கிறதே என்று என் தங்கை வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் கூடுதலாகக் கயிற்றைக் கடித்துக்கொண்டு தண்ணீரில் இருந்தாள் என்பது எனக்கு உறைக்கவில்லை.

வெயில் ஏறின பிறகுதான் பெண்கள் கரையேறினார்கள். எல்லோருக்கும் உதடு நீலம். மார்கழித் தண்ணீரில் கிடந்து எழுந்தால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும், யாரும் அதை ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. அதற்கு எங்களிடம் ஒரே வைத்தியம்தான். சவுக்கு மிளாறைக் கொளுத்திச் சுற்றி உட்காருவோம். சுக்குத் தண்ணீர் குடிப்போம். தேங்காயெண்ணெயைச் சூடாக்கிக் கழுத்து, நெஞ்சு, உள்ளங்கால் என்று தேய்ப்போம். தங்கைக்கு நானே தேய்த்தேன். கேன் நிரம்பியதும் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்திருந்தாள் போல, கயிறு பட்ட இடம் தடமாக இருந்தது. அந்தத் தடத்தின் மேல் கூடுதலாகவே எண்ணெய் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்தேன்.

"தல ரொம்ப வலிக்குதுக்கா" என்றாள்.

"தூங்கி எழுந்தா சரியாப்பூடும்" என்றேன்.

அரை மணி நேரத்தில் மற்றப் பெண்களின் உதடு பழைய நிறத்துக்கு வந்துவிட்டது. அவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டு இறாலைத் தரம் பிரிக்கப் போய்விட்டார்கள். என் தங்கையின் உதடு மட்டும் இன்னும் கறுத்திருந்தது. நீலமும் இல்லை, சிலேட்டு நிறம். நகத்தைப் பார்த்தேன், அதுவும் அப்படியே. கையைத் தொட்டேன். கை சூடாக இருந்தது. குளிரில் நீலமான கை சில்லென்றல்லவா இருக்க வேண்டும்? சூடான உடம்பில் இவ்வளவு கறுத்த உதட்டை நான் அதுவரை பார்த்ததில்லை.

அவள் வாயால் மூச்சு வாங்கத் தொடங்கினாள். முகத்தருகே குனிந்தேன். ஜலதோஷம் விட்டுப்போயிருந்தது. அவள் மூச்சில் ஷூ பாலிஷ் வாசனை அடித்தது.

எங்கள் தெருவில் ஷூ போடுகிறவர் யாரும் கிடையாது. இந்த வாசனையை நான் ஒரே ஓர் இடத்தில்தான் முகர்ந்திருக்கிறேன், கல்லூரி ஆய்வகத்தில். எண்ணெய் போன்ற மஞ்சள் திரவம். நைட்ரோபென்சீன் என்று பெயர். ஆறு கார்பன் கைகோத்து நிற்கிற ஒரு வளையம், அதில் ஒட்டிக்கொண்ட ஒரு நைட்ரஜன் வால், அவ்வளவுதான். மூடியை நன்றாக மூடுங்கள், கையில் பட்டால் தோல் வழியாகவே உள்ளே போய்விடும் என்று அன்றைக்கு எங்களை மிரட்டியிருந்தார்கள். தண்ணீரில் அது லேசில் கரையாது. எண்ணெயில் நன்றாகக் கரையும். தோலில் சூடு ஏற ஏற வேகமாக உள்ளே இறங்கும். நெருப்பு மூட்டி, எண்ணெய் வைத்து, அதற்கு வழி போட்டுக்கொடுத்தவள் நான்.

ஓடிப்போய்க் கேனை எடுத்தேன். கைப்பிடியைக் கத்தியால் கீறினேன். கைப்பிடி உள்ளே குழல். அதற்குள்ளும் மருந்து தங்கியிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மூன்று முறை கழுவினேனே, அந்தக் குழலுக்குள் சோப்புத் தண்ணீர் போயிருந்தால் அல்லவா? உள்ளே நான் போட்ட முடிச்சு மஞ்சளாக ஊறிக் கிடந்தது. விளக்குத்திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி அந்தக் கயிறு ஒரு வாரமாக அதை இழுத்து இழுத்து அவள் வாய்க்குக் கொடுத்திருக்கிறது.

திரும்பி வந்து அவளை நெருப்பை விட்டு இழுத்தேன். வாயைக் கொப்பளிக்க வைத்தேன். சோப்பைப் போட்டுக் கழுத்தையும் நெஞ்சையும் தேய்த்துத் தண்ணீர் ஊற்றினேன்.

நைனா கத்தினார். "உனக்கு இன்னா பைத்தியமா? குளுருல கீற பொண்ணுக்குத் தண்ணி ஊத்துற?"

"ஆட்டோ கூப்பிடு நைனா" என்றேன். காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அவர் என்னைப் பார்க்கப்போகிற பார்வைக்கும் பயந்தேன். தங்கை சாகக் கிடக்கும்போது எனக்கு அந்தப் பயமும் இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. இருந்தது.

கடைத்தெருவிலிருந்து ஒரு பாய் ஆட்டோ கொண்டுவந்தார். அவளைப் பார்த்ததும், "இன்னாம்மா இது, முகமெல்லாம் மை பூசினாப்ல" என்றார். பிறகு பொன்னேரி வரைக்கும் அவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அவள் தலை என் மடியில் கிடந்தது. நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. மூச்சு என்னவோ உள்ளே போய்க்கொண்டுதான் இருந்தது. ரத்தத்துக்குத்தான் அதை ஏந்திக்கொள்ளத் தெம்பில்லை. ரத்தத்தில் இருக்கிற இரும்புதான் பிராணவாயுவைச் சுமப்பது. அந்த வளையம் உடம்புக்குள் உடைந்து மாறும்போது இரும்பையும் மாற்றிவிடுகிறது. மாறின இரும்பு எதையும் சுமக்காது. தேர்வில் இதற்கு முழு மதிப்பெண் வாங்கியிருப்பேன். மடியில் வைத்துக்கொண்டு பார்க்கும்போது அது எனக்கு எதற்கும் உதவவில்லை. "தூங்காதடி, தூங்காதடி" என்று மட்டும் சொல்லிக்கொண்டே வந்தேன்.

ஆஸ்பத்திரியில் வயது குறைந்த டாக்டரம்மா ஒருவர் இருந்தார். மூக்கில் பிராணவாயு வைத்தார்கள். பிராணவாயு அளக்க விரலில் மாட்டின கருவியில் எண் ஏறவே இல்லை. டாக்டரம்மா ஊசியில் ரத்தம் எடுத்தார். அது சாக்லேட் நிறத்தில் இருந்தது.

"உங்க விரலைக் கொடுங்க" என்று என் விரலைக் குத்தினார். ஒரு வெள்ளைத் துணியில் அவள் ரத்தம் ஒரு சொட்டு, பக்கத்தில் என் ரத்தம் ஒரு சொட்டு. காற்றுப் பட்டும் அவளுடையது பழுப்பாகவே இருந்தது. என்னுடையது சிவப்பு. ஒரே வயிற்றில் பிறந்தவர்களின் ரத்தம்.

"மருந்து குடிச்சாங்களா? வீட்ல ஏதாவது சண்டையா? மறைக்காம சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா.

நைனா பதறிவிட்டார். "சண்டையும் இல்ல ஒண்ணும் இல்லம்மா. கார்த்தால சிரிச்சினு ஏரிக்குப் போன பொண்ணு."

இனிமேல் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவளைக் கொன்றவளாவேன் என்று தோன்றியது. "குடிக்கல டாக்டர். கடிச்சிருக்கா. பூ வைக்க அடிக்கிற மருந்துக் கேன். ஒரு வாரமா அதோட கயித்தைக் கடிச்சுக்கிட்டுத்தான் இறால் பிடிச்சிருக்கா. நைட்ரோபென்சீன்னு நெனக்கிறேன். கேனை நான்தான் வாங்கிக் கொடுத்தேன்" என்றேன்.

நைனா என்னைப் பார்க்கவே இல்லை. நான் பயந்துகொண்டிருந்த பார்வையைவிட அது மோசமாக இருந்தது.

டாக்டரம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. அந்த மருந்தைக் குடித்துவிட்டு வருகிறவர்களை அவர் முன்பே பார்த்திருந்தார். இதற்கு மாற்று மருந்து இருக்கிறது என்றார். ஆனால் அதைப் போடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார். "குடும்பத்துல யாருக்காவது மாத்திரை சாப்பிட்டப்புறம் மூத்திரம் கறுப்பா போயிருக்கா? திடீர்னு காமாலை வந்திருக்கா? சில பேர் உடம்புக்கு இந்த மருந்து ஒத்துக்காது. ரத்தத்தையே உடைச்சிடும்."

எங்கள் அம்மா காமாலையில்தான் போனாள். காய்ச்சலுக்கு என்று ஏதோ மாத்திரை தின்ற சில நாட்களில் கண் மஞ்சளாகிவிட்டது. எந்த மாத்திரை, எதனால் வந்தது என்று யாரும் கேட்கவும் இல்லை, யாரும் எங்களுக்குச் சொல்லவும் இல்லை. நைனா இப்போதுதான் என் பக்கம் திரும்பினார். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் அது ஞாபகம் வந்துவிட்டது.

நான் டாக்டரம்மாவிடம் சொன்னேன். சோதனை செய்து முடிவு வருகிற வரைக்கும் இவள் தாங்கமாட்டாள் என்றார். பாதி அளவு மெதுவாகப் போட்டுப் பார்க்கலாம், ஆனால் நீங்கள் சம்மதிக்க வேண்டும் என்றார். மருந்து போடாவிட்டால் இப்போதே போய்விடுவாள். போட்டால் அம்மா மாதிரி போனாலும் போவாள். கேன் வாங்கும்போது துளியும் யோசிக்காத நான் இப்போது யோசிக்க வேண்டியிருந்தது. அவள் புருஷனுக்குப் போன் கிடைக்கவில்லை. நைனாவைப் பார்த்தேன்.

"நீதான படிச்சவ. நீயே சொல்லு" என்றார். அவர் கோபத்தில் சொல்லவில்லை. அவருக்கு வேறு யாரும் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

ஊசியில் ஏற்றின மருந்து பேனா மை போல நீலமாக இருந்தது. மெத்திலீன் நீலம். துணிக்குப் போடுகிற சாயத்தின் வம்சம், அதுவும் வளையங்களால் ஆனதுதான். அது துளித்துளியாக அவள் கைக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளுக்குள் இருக்கிற இரும்பைத் திருப்பிக்கொடு, திருப்பிக்கொடு என்று யாரிடம் வேண்டினேன் என்று தெரியவில்லை. சாமியிடமா, அந்தச் சாயத்திடமா?

அரை மணி நேரம் கழித்து உதட்டின் ஓரம் கொஞ்சம் வெளுத்தது. பிறகு லேசாகச் சிவந்தது. நைனா சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் உதடு மறுபடி கறுத்தது. கொழுப்பில் போய் ஒளிந்துகொண்ட விஷம் மெதுவாக வெளியே வரும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். சொல்லியிருந்தாலும் என் உயிர் என்னிடம் இல்லை. இன்னொரு பாதி அளவு போட்டார்கள். மறுநாள் காலையில் மூத்திரப் பையைப் பார்த்த நைனா, "ஐயோ, வந்துடுச்சு" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார். போய்ப் பார்த்தால் கறுப்பில்லை, பச்சை. அந்த மருந்து உடம்பை விட்டுப் போகிற நிறம் அதுதானாம். நர்ஸ் அடக்கமாட்டாமல் சிரித்தாள். எனக்கு அவளை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலவும் இருந்தது.

மூன்றாம் நாள் தங்கை எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டாள். கண் மஞ்சளாகவில்லை. நைனாவும் அவள் புருஷனும் டீ வாங்கப் போயிருந்தார்கள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கைப்பிடி, குழல், கயிறு எல்லாம். மன்னிப்பும் கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும்க்கா" என்றாள்.

"இன்னா தெரியும்?"

"மொத நாளே வாசன வந்துச்சு. நாக்கெல்லாம் கசந்துச்சு. மறுநா வாயி மதமதன்னு ஆயிடுச்சு. அந்தக் கயித்தைக் கடிச்சாதான் தல வலிக்குதுன்னும் தெரியும்."

"அப்பறம் ஏன்டி கடிச்ச? தூக்கிப் போட்டுட்டு வேற பறி எடுத்துனு போவறதுதான?"

"நீ அம்மாந்தூரத்துலேர்ந்து எடுத்தாந்த. கழுவி, ஓட்ட போட்டு, எனக்கு வாயி வலிக்கக் கூடாதுன்னு கயிறு பாத்துக் கட்டியிருந்த. ஞாயித்துக்கெழம நீ வந்து பாக்கறப்ப அது வீட்ல சும்மா கெடந்தா உன் மூஞ்சி வாடிப்பூடாது?"

அவள் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, இன்னொரு இட்லி இருக்கிறதா என்று கேட்டாள்.

இப்போது அவள் நன்றாக இருக்கிறாள். ஏரிக்குப் போகிறாள், ஓலைப் பறிதான். என் வேலையும் அப்படியே நடக்கிறது. தொழிற்சாலையில் எந்தத் திரவத்தைக் கண்டும் நான் முன்னைவிட அதிகமாகப் பயப்படுவதில்லை. அவற்றின் குணம் எழுதி ஒட்டியிருக்கிறது, படித்துக்கொள்ளலாம். போன மாதம் ஊருக்குப் போகும்போது மீஞ்சூரில் பால்கோவா வாங்கிக்கொண்டு போனேன். அவள் பொட்டலத்தைப் பிரித்து ஒரு துண்டை எடுத்து வாயருகே கொண்டுபோனாள். இன்னும் வாயில் வைக்கக்கூட இல்லை, "சூப்பரா கீதுக்கா" என்றாள். அதை அவள் கையிலிருந்து பிடுங்கி முதலில் நான் தின்று பார்த்தேன்.